கோப்பு மாற்றமும் செய்தி கையாளுகையும்: கணிப்பொறி வலையங்களின் பொது நெறிமுறைகளில் தமிழ் எழுத்து

0. முன்னுரை

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கழக்கூட்டம், மொழியாய்வும் கணிப்பொறித் தொழிலும் அருகருகே வளர்ந்த ஊராகும். கேரள அரசு 1990-இல் இங்குத் தோற்றுவித்த டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா எனப் பெயர்பெற்றது. அதனை அடுத்துள்ள காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும் தமிழ்த் துறையும் இயங்கி வருகின்றன. அருகிலுள்ள மேனங்குளத்தில், முனைவர் வ.அய். சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் உருவான பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி அமைந்துள்ளது.

டெக்னோபார்க்கில் 1990களில் தொழில் தொடங்கிய நிறுவனங்களுக்கு, கடல் கடந்து மென்பொருளை அனுப்புதல் என்பது கப்பலில் சரக்கேற்றுவது அன்று; செயற்கைக்கோள் இணைப்பின்வழி ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்குக் கோப்பினை மாற்றுவதே ஆகும். அக்கோப்புகள் பழுதின்றிச் சென்று சேர்ந்தன. ஆனால் அதே ஊரிலிருந்து அதே காலத்தில் ஒரு தமிழ்க் கட்டுரையைத் தஞ்சாவூருக்கோ யாழ்ப்பாணத்திற்கோ சிங்கப்பூருக்கோ மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால், அது தமிழாகவே சென்று சேரும் என்னும் உறுதி இல்லை. கம்பியும் வழங்கியும் ஒன்றாயிருக்க, ஒன்று பிழைத்து மற்றொன்று சிதைந்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பழுது கம்பியில் இல்லை. இரு முனைகளுக்கும் இடையிலிருந்த உடன்பாட்டில், அதாவது நெறிமுறையில், இருந்தது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

1. நெறிமுறை என்பது யாது?

இருவர் உரையாடும்போது யார் முதலில் பேசுவது, கேட்டவர் எவ்வாறு மறுமொழி கூறுவது, பேச்சு முடிந்தது என்பதை எவ்வாறு உணர்த்துவது என்பன எழுதப்படாத வழக்காக உள்ளன. கணிப்பொறிகளுக்கு அத்தகைய வழக்கறிவு இல்லை. எனவே ஒவ்வொரு படியும் முன்னரே வரையறுக்கப்படல் வேண்டும். இவ்வரையறையே நெறிமுறை எனப்படுகிறது. அதனை உரையாடலின் இலக்கணம் எனக் கூறின் மிகையன்று. மொழியின் இலக்கணம் வழக்கிலிருந்து பிறக்கிறது. நெறிமுறையோ முதலில் எழுதப்பட்டுப் பின்னர் வழக்கிற்கு வருகிறது. இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

இணையத்தின் நெறிமுறைகள் 1969 முதல் ஆர்.எஃப்.சி. என்னும் வரிசை எண் தாங்கிய ஆவணங்களாக வெளியிடப்பட்டு வருகின்றன. எவரும் படிக்கலாம், எவரும் அதனைப் பின்பற்றி மென்பொருள் எழுதலாம். இந்தப் பொதுமையே ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியும் வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறியும் தம்முள் பேச வழிவகுத்தது.

2. கோப்பு மாற்ற நெறிமுறை

எஃப்.டி.பி. எனச் சுருங்க வழங்கும் கோப்பு மாற்ற நெறிமுறையின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 114 என்னும் ஆவணமாக வெளிவந்தது. அதனை எழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களுள் ஒருவரான அவர், அப்போது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்தார். பல திருத்தங்களுக்குப் பின் 1985 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 959 என்பதே இந்நெறிமுறையின் நிலைபெற்ற வடிவமாகும்.

இதன் அமைப்பில் இரு தனித்தனி இணைப்புகள் உள்ளன. கட்டளைகளும் மறுமொழிகளும் ஓர் இணைப்பில் செல்கின்றன. வழங்கி இதற்கென 21-ஆம் எண் வாயிலில் காத்திருக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் மற்றோர் இணைப்பில் செல்கிறது. வழங்கியின் ஒவ்வொரு மறுமொழியும் மூன்று இலக்க எண்ணுடன் தொடங்கும். 220 எனின் பணிசெய்ய அணியமாக உள்ளது என்றும், 331 எனின் பெயர் ஏற்கப்பட்டது, கடவுச்சொல் தேவை என்றும், 226 எனின் மாற்றம் இனிது முடிந்தது என்றும், 550 எனின் கோரிய கோப்பு கிட்டவில்லை என்றும் பொருள்படும். எண்ணின் முதல் இலக்கமே வெற்றி தோல்வியைக் காட்டிவிடுதலால், எண்ணையடுத்து வரும் சொற்றொடர் எம்மொழியில் இருப்பினும் கணிப்பொறிக்கு இடரில்லை.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இந்நெறிமுறையின் முதன்மையான கூறு, கோப்பின் வகையைக் குறிக்கும் கட்டளையாகும். வகை ‘ஏ’ எனின் கோப்பு ஆஸ்கி உரை எனக் கொள்ளப்படும். வரி முடிவுக் குறிகள் இடத்திற்கேற்ப மாற்றப்படும். வகை ‘ஐ’ எனின் கோப்பு எவ்வித மாற்றமுமின்றி, உள்ளது உள்ளவாறே அனுப்பப்படும். யூனிக்ஸ் கணிப்பொறிகளில் வரி முடிவு 10 என்னும் ஒரே பைட்டாகவும், விண்டோஸ் கணிப்பொறிகளில் 13, 10 என்னும் இரு பைட்டுகளாகவும் அமைவதே இவ்வேற்பாட்டிற்குக் காரணம்.

வகையைத் தவறாகக் குறித்தால் விளைவது என்ன? ஓர் எழுத்துருக் கோப்பினை ‘ஏ’ வகையில் மாற்றினால், அதனுள் தற்செயலாக வரும் 10 என்னும் ஒவ்வொரு பைட்டும் வரி முடிவாகக் கருதப்பட்டு மாற்றப்படும், எழுத்துரு பயனற்றதாகும். எழுத்துக்கு இரண்டு பைட்டுகள் கொள்ளும் ஒருங்குறிக் கோப்பினை யூனிக்ஸ் வழங்கியிலிருந்து விண்டோஸ் கணிப்பொறிக்கு ‘ஏ’ வகையில் மாற்றினால், முதல் வரி முடிவில் ஒரு பைட் கூடும். இரண்டாம் வரியின் எழுத்துகள் இணைபிரிந்து பொருளற்ற குறிகளாகும். ஆக, மாற்றப்படும் பொருள் இன்னது என்பதை மாற்றுவோர் அறிவிக்க வேண்டும் என்பதும், அறிவிப்புப் பிழைத்தால் பொருளும் பிழைக்கும் என்பதும் இந்நெறிமுறை கற்பிக்கும் முதற்பாடம் எனலாம். டெக்னோபார்க்கின் மென்பொருள்கள் பிழையின்றிச் சென்றமைக்கும் ‘ஐ’ வகையே காரணம்; அங்கு நெறிமுறை எழுத்தைப் பற்றி எதுவும் கருதிக்கொள்வதில்லை.

3. செய்தி கையாளுகை: இரு மரபுகள்

மின்னஞ்சல் தொடக்கத்தில் கோப்பு மாற்ற நெறிமுறையின் ஒரு கிளையாகவே இருந்தது. 1970களின் முற்பகுதியில் அந்நெறிமுறையில் அஞ்சலுக்கெனத் தனிக் கட்டளைகள் சேர்க்கப்பட்டன. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821, எஸ்.எம்.டி.பி. என்னும் எளிய அஞ்சல் மாற்ற நெறிமுறையை வரையறுத்து அஞ்சலைத் தனித்துறையாக்கியது. அனுப்பும் வழங்கி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அனுப்புநரையும் பெறுநரையும் கூறும். பின்னர்ச் செய்தியை வரிவரியாக அளிக்கும். தனி ஒரு முற்றுப்புள்ளி மட்டும் அமைந்த வரியால் முடிவை உணர்த்தும். பெறும் வழங்கி 250 என மறுமொழி கூறிய அப்பொழுதே செய்தியின் பொறுப்பு கைமாறுகிறது. அஞ்சல் நிலையம் பதிவுத்தபாலுக்குப் பற்றுச்சீட்டு அளிப்பதோடு இதனை ஒப்பிடலாம்.

இதே காலத்தில், பன்னாட்டுத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு 1984-இல் எக்ஸ்.400 என்னும் செய்தி கையாளுகைத் தரத்தை வெளியிட்டது. அனைத்துலகத் தர அமைப்பு, கோப்பு மாற்றத்திற்கு எஃப்.டி.ஏ.எம். என்னும் தரத்தைப் பின்னர் வெளியிட்டது. எக்ஸ்.400 மரபில் உறையும் உள்ளடக்கமும் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. உள்ளடக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் உரையா, தொலைநகலா, வேறொன்றா என்பது குறிக்கப்பட்டது. எளிய மரபிற்கு அன்று இல்லாத சிறப்பு இது. ஆயினும் அதன் முகவரி நாடு, ஆட்சிக்களம், நிறுவனம், குடும்பப்பெயர் எனப் பல உறுப்புகளால் நீண்டது. நிறுவுதலும் செலவு மிக்கது. இந்தியாவிலும் 1990களில் இம்மரபில் அஞ்சற்பணி வழங்கப்பட்டதுண்டு. பொதுமக்களிடையே எளிய மரபே வென்றது. வானூர்திப் போக்குவரத்துச் செய்திகள் போன்ற சில துறைகளில் எக்ஸ்.400 வழிவந்த முறை இன்றும் நிலைத்துள்ளது.

இந்தியக் கல்வி நிறுவனங்களை இணைத்த எர்நெட் 1986-இல் தொடங்கப்பெற்றது. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் அதன் தொடக்க உறுப்பினர்களாக இருந்தன. அக்காலத்தில் நொடிக்கு 9600 பிட் என்பதே நல்ல வேகமாகக் கருதப்பட்டது. பொதுமக்களுக்கான இணையப் பணி 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இவற்றின் வழியாக இந்தியாவிற்கு வந்து நிலைத்த அஞ்சல், எளிய மரபின் அஞ்சலே. அதன் ஒரு வரையறை இந்திய மொழிகளுக்குப் பெருந்தடையாயிற்று.

4. ஏழு பிட் வரையறையும் தமிழும்

ஆர்.எஃப்.சி. 821, செய்தியின் ஒவ்வோர் எழுத்தும் ஏழு பிட் ஆஸ்கிக் குறியாக இருத்தல் வேண்டும் என விதித்தது. ஏழு பிட்டுகளால் 128 குறிகளே அமையும். உரோமன் எழுத்தும் எண்ணும் நிறுத்தற்குறிகளும் அவற்றை நிரப்பிவிடுகின்றன. ஒரு பைட்டில் எட்டாவது பிட் உண்டு எனினும், இடைவழி வழங்கி அதனை நீக்கிவிட்டு அனுப்புதல் விதிமீறல் ஆகாது.

1990களில் தமிழ்க் குறியேற்றங்கள் பலவும் கீழ் 128 இடங்களில் உரோமன் எழுத்தையும், மேல் 128 இடங்களில் தமிழையும் வைத்தன. தமிழுக்கும் உரோமனுக்கும் உள்ள வேறுபாடு எட்டாவது பிட் ஒன்றே. அது நீக்கப்பட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் அதனினும் 128 குறைந்த எண்ணுக்குரிய உரோமன் குறியாகிவிடும். பெறுபவர் காண்பது பொருளற்ற எழுத்துக் கோவையே. இன்றைய யூ.டி.எஃப்-8 குறியேற்றத்திலும் இதே நிலைதான். ‘க’ என்னும் எழுத்து 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளாக அமைகிறது. எட்டாவது பிட்டை நீக்கினால் அவை 96, 46, 21 ஆகும். அதாவது ஒரு மேற்கோள் குறியும், ஒரு முற்றுப்புள்ளியும், கண்ணுக்குத் தோன்றாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியும் எஞ்சும்.

எட்டாவது பிட் தப்பிய இடத்தும் மற்றொரு சிக்கல் நின்றது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்டிருந்தது. அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில், தமிழ் அஞ்சல் ஐரோப்பிய மொழிகளின் ஒலிக்குறியிட்ட எழுத்துகளாகத் தோன்றும். இந்நிலையை மாற்ற மூன்று முயற்சிகள் நிகழ்ந்தன. இந்தியத் தர நிறுவனம் 1991-இல் இஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தைத் தரமாக்கியது. உலகெங்கும் வாழும் தமிழ் ஆர்வலர்கள் இணையவழி விவாதித்து, டிஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன எனினும், அது நாள்வழக்கிற்கு வர ஏறத்தாழப் பத்தாண்டுகளாயின.

5. மைம்: செய்தி தன்னைத்தானே அறிவித்தல்

1992 ஜூனில் நத்தேனியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1341, மைம் என்னும் விரிவாக்கத்தை அறிமுகப்படுத்தியது. ஏழு பிட் விதியை அது மாற்றவில்லை. மாற்றாமலே தடையைக் கடக்க இரு வழிகளை வகுத்தது. முதலாவது, செய்தியின் தலைப்பகுதியில் உள்ளடக்கத்தின் வகையையும் குறியேற்றத்தின் பெயரையும் அறிவித்தல். இரண்டாவது, எட்டு பிட் பைட்டுகளைப் பாதுகாப்பான ஆஸ்கிக் குறிகளாக உருமாற்றி அனுப்பிப் பெறுமிடத்தில் மீட்டல்.

பேஸ்64 என்னும் உருமாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் ‘க’ என்னும் எழுத்தைக் கொண்டே காணலாம். 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளில் 24 பிட்டுகள் உள்ளன. அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் 56, 10, 58, 21 என்னும் நான்கு எண்கள் கிடைக்கும். 64 குறிகள் கொண்ட அட்டவணையில் இவற்றிற்கு நேரானவை முறையே 4, கே, 6, வி என்பன. இந்நான்கும் ஆஸ்கிக் குறிகளாதலின் எந்த வழங்கியும் இவற்றைச் சிதைப்பதில்லை. தமிழின் ஒவ்வோர் ஒருங்குறிக் குறியும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட் கொள்வதால், அது பேஸ்64-இல் நான்கு குறிகளாக அமைகிறது.

‘கழக்கூட்டம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணப்படி அதில் உள்ள எழுத்துகள் ஏழு. எழுத்து வடிவங்களை அடிப்படையாகக் கொண்ட டிஸ்கியில் அது ஏழு பைட். ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகளாதலின், குறிகள் 11 ஆகும். யூ.டி.எஃப்-8 முறையில் 33 பைட். பேஸ்64-இல் 44 குறிகள். ஒவ்வொரு பைட்டையும் மூன்று குறிகளால் எழுதும் மற்றோர் உருமாற்றத்தில் 99 குறிகள். ஏழு எழுத்துடைய சொல் தொண்ணூற்றொன்பது குறியாக நீள்வதை நோக்கின், நொடிக்கு 1200 பைட்டே செல்லும் இணைப்புகள் இருந்த காலத்தில் எழுத்துருசார் குறியேற்றங்களைப் பலர் விரும்பியமைக்குக் காரணம் விளங்கும்.

ஆனால் சிக்கனம் வேறு, நிலைபேறு வேறு. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்வடிவாக்கி இலவசமாக வழங்கி வருகிறது. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புத் திருத்தியும் அனுப்பினர். அத்திட்டம் கையாண்ட டிஸ்கிக் குறியேற்றத்தின் அட்டவணை வெளிப்படையாக வெளியிடப்பட்டிருந்தது. ஆதலின் பின்னர் ஒருங்குறிக்கு மாறியபோது அந்நூல்களை உருமாற்ற முடிந்தது. அட்டவணை வெளியிடப்படாத தனி எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட கோப்புகள், பைட்டளவில் பழுதின்றி இருப்பினும், எழுத்துரு வழக்கொழிந்தபின் படிக்க இயலாதனவாயின. தமிழுக்கு மட்டுமன்றி மலையாளத்திற்கும் இக்கூற்றுப் பொருந்தும்.

6. பெயரும் முகவரியும்

உள்ளடக்கத்தின் சிக்கல் தீர்ந்தபின் எஞ்சியவை இரண்டு: கோப்பின் பெயர், பெறுநரின் முகவரி.

கோப்புப் பெயரை யூ.டி.எஃப்-8 முறையில் அனுப்பலாம் என 1999-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2640 வகுத்தது. ஆயினும் தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் இங்கு இடர் செய்கிறது. ‘கொல்லம்’ என்னும் பெயரின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் 3018 என ஒரே குறியாகவும் எழுதலாம்; எகரக் குறியும் ஆகாரக் குறியும் சேர 3014, 3006 என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் அளவில் இரண்டும் வேறு. சில கோப்பமைப்புகள் பெயரைப் பிரித்து வைக்கின்றன; சில தட்டச்சிட்டவாறே வைக்கின்றன. இதனால் கண்முன் இருக்கும் கோப்பினைக் கேட்டபோதும் வழங்கி 550 என மறுமொழி கூறுதல் நிகழும். பெயரை ஒப்பிடுமுன் இயல்பாக்கம் செய்தல் வேண்டும் என்பதே இதற்குத் தீர்வு.

முகவரியின் நிலை இதனினும் கடினமானது. முகவரியின் களப்பெயர்ப் பகுதியைத் தமிழில் எழுத இயலும். ‘இலங்கை’, ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ என்னும் தமிழ்க் களப்பெயர்கள் 2010, 2011 ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தன. அவை உள்ளூர ஆஸ்கியாக உருமாற்றப்படுகின்றன. ஆனால் முகவரியின் முற்பகுதியாகிய பெறுநர் பெயரைப் பெறும் வழங்கி மட்டுமே பொருள்கொள்ள வேண்டும் என்பது பழைய விதியாதலின், அதனை இடைவழியில் உருமாற்ற இயலாது. இதற்கென 2012-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6531, வழங்கிகள் யூ.டி.எஃப்-8 முகவரியை நேரடியாகவே ஏற்க வழிசெய்தது.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாடு நோக்கத்தக்கது. மைம் வெற்றிபெற இரு முனைகள் உடன்பட்டால் போதும். இடைவழி வழங்கிகள் அதனை அறிய வேண்டுவதில்லை. தமிழ் முகவரி வெற்றிபெற வழியிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் உடன்படல் வேண்டும். ஒரு வழங்கி ஏற்காவிடினும் அஞ்சல் திரும்பிவிடும். வலைப்பக்கப் படிவங்கள் பலவும் உரோமன் எழுத்தில் அமையாத முகவரியைப் பிழையென்று ஒதுக்குகின்றன. ஆகவே தரம் வந்தபின்னும் வழக்கு வரவில்லை. தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், தம் பெயரைத் தம் எழுத்தில் எழுதி அஞ்சல் பெறும் உரிமை இந்த இடைவெளியில் சிக்கியுள்ளது.

7. இன்றைய நிலை

எஃப்.டி.பி. கடவுச்சொல்லையும் கோப்பினையும் மறையாக்கம் இன்றி அனுப்புவதால் அதன் பயன்பாடு குறைந்தது. குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகிய உலாவிகள் 2021-இல் அதனைக் கைவிட்டன. மறையாக்கப்பட்ட வேறு முறைகள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. அஞ்சல் நெறிமுறையோ மறையாக்க விரிவாக்கத்துடன் இன்றும் நிலைபெற்றுள்ளது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றதும், கைப்பேசிகள் ஒருங்குறியையே பயன்படுத்துவதும், பழைய குறியேற்றக் குழப்பத்தைப் பெரிதும் நீக்கிவிட்டன. கேரள அரசு 2011-இல் தோற்றுவித்த கட்டற்ற மென்பொருளுக்கான பன்னாட்டு மையமும் கழக்கூட்டத்தை அடுத்தே இயங்குகிறது. மொழியியலாரும் மென்பொருளாரும் கூடிப் பணிசெய்வதற்கு இவ்வூர் இன்றும் பொருத்தமான களமாக உள்ளது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

(அ) தமிழ் உரை வலையத்தில் சிதைந்தமைக்குத் தமிழ் எழுத்தின் பன்மை காரணமன்று. உரை என்பது ஆஸ்கியே எனக் கருதிய நெறிமுறையும், தம் அட்டவணையை வெளியிடாத குறியேற்றங்களுமே காரணங்கள்.

(ஆ) அனுப்பப்படும் பொருள் இன்ன வகையது, இன்ன குறியேற்றத்தது என அறிவிக்கும் உரை நிலைக்கும். அறிவிக்காத உரை, பைட்டுகள் முழுமையாக இருப்பினும், வாசகரை இழக்கும். பழைய எழுத்துருக்களில் உள்ள ஆய்வேடுகளையும் அகராதிக் கோப்புகளையும் வைத்திருக்கும் துறைகள், அவ்வெழுத்துருக்கள் இயங்கும் கணிப்பொறிகள் எஞ்சியிருக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் இன்றியமையாதது.

(இ) ஒருங்குறியில் ஓரெழுத்தை இருவகையில் எழுத இயலும் இடங்களைத் தமிழ் இலக்கண அறிவோடு வகைப்படுத்தி, கோப்புப் பெயருக்கும் தேடலுக்கும் ஏற்ற இயல்பாக்க நடைமுறையை நிறுவனங்கள் கைக்கொள்ளல் வேண்டும்.

(ஈ) தமிழ் முகவரிக்கான தரம் 2012 முதல் உள்ளது. அதனை ஏற்கும்படி பல்கலைக்கழகங்களும் அரசு அலுவலகங்களும் தத்தம் அஞ்சல் வழங்கிகளையும் வலைப்படிவங்களையும் அமைத்துக்கொள்ளுதலே எஞ்சிய பணி. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு வேண்டுவதில்லை. உள்ள உடன்பாட்டில் சேர்ந்துகொள்வது போதும்.